ஒரு சாண் கறுப்பு மண்

எழுவான்கரையில் பழைய வளவு ஒன்றில் மண்வெட்டியைப் போட்டுப் பாருங்க. ஆரையம்பதி, குருக்கள்மடம், களுதாவளை, களுவாஞ்சிகுடி, எந்த ஊராகவும் இருக்கட்டும். குசினிக்குப் பின்னால, வாழை நிற்கிற பக்கம் வெட்டினால் முதலில் ஒரு சாண் அளவுக்குக் கறுத்த மண் வரும். அதுக்குக் கீழ வெள்ளை மணல். இன்னும் வெட்டினாலும் மணல்தான், மறுகா தண்ணி. அதே வளவின் முன் முற்றத்தில் வெட்டினால் அந்தக் கறுப்பே இருக்காது, மேலிருந்தே மணல். ஒரே வெயில், ஒரே மழை. இருபது அடி தூரத்தில் இரண்டு மண்.

அந்தக் கறுப்பு தானாக வந்ததில்லை. யாரோ கொட்டினார்கள், மூடினார்கள், கிளறினார்கள், தலைமுறை தலைமுறையாக. இந்தக் கட்டுரை அந்த ஒரு சாணைப் பற்றியது. ஏன் இப்ப எழுதுகிறோம் என்றால், 2021க்குப் பிறகு 'சேதனப் பசளை' என்ற சொல்லைக் கேட்டாலே நம்மட விவசாயிகள் ஒன்றில் சிரிக்கிறார்கள், இல்லாட்டி ஏசுகிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தோட சேர்த்து வளவுக்குள்ள நடந்துவந்த பழைய வேலை ஒன்றையும் கைவிடப் பார்க்கிறோம். இரண்டும் வேற வேற கதை என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டிக் கிடக்கு.

முதலில் இடத்தைப் பார்ப்போம். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். வாவி என்று எழுதுவோம், பேச்சில் ஆறு என்போம். சூரியன் எழும்புகிற பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை. எழுவான்கரை என்பது கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் கிடக்கிற ஒடுங்கிய மணல் திட்டு. கடல் ஒதுக்கிய மணல். இந்த மண்ணில் களி இல்லை, அதனால் போட்ட சத்தைப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை. வருடத்துக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்க்கும். அந்த மழை மணலுக்குள்ளால இறங்கும்போது கரையக்கூடிய எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு கீழே போகும். கீழே கிணத்துத் தண்ணி. அந்த நன்னீரும் உப்புத்தண்ணிக்கு மேல ஒரு மெல்லிய படையாக மிதந்துகொண்டுதான் இருக்கு. ஆக, இங்க மண்ணில் போடுவது எதுவும் மண்ணோட நிற்காது. குடிக்கிற தண்ணிக்குப் போகும். இதை மனசில வச்சுக்கொள்ளுங்க, பிறகு தேவைப்படும்.

படுவான்கரை வேற உலகம். உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் என்று குளங்கள், வட்டை வட்டையாக வயல், மாட்டுப்பட்டி. எழுவான்கரையில் குடியிருந்துகொண்டு படுவான்கரையில் வெள்ளாமை செய்த குடும்பங்கள் ஏராளம். இரண்டு கரைக்கும் நடுவில் தோணியும் பாதையும் ஓடின. வெளியூர் ஆக்களுக்காகச் சொல்கிறோம்: இங்க பாதை என்றால் வீதி இல்லை, ஆக்களையும் வாகனங்களையும் ஆற்றுக்குக் குறுக்கே கொண்டுபோகிற மிதவை. மண்முனைத் துறையில் 2014இல் பாலம் வந்தது. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் பாதைதான் வழி.

நெல் மூட்டை ஆற்றைக் கடந்து வந்தது. கூடவே வைக்கோலும் விறகும். நெல்லைக் குத்தினால் உமி, தவிடு. விறகை எரித்தால் சாம்பல். வைக்கோலைத் தின்றால் மாட்டுச் சாணி. சோறு வடித்த கஞ்சித்தண்ணி, மீன் கழுவின தண்ணி, நண்டுக் கோது, இறால் தலை. தேங்காய் உரித்த பொச்சுமட்டை. எல்லாம் பின்வளவில் ஒரு குழிக்குப் போனது. மண்ணியல் கண்ணோட்டத்தில் பார்த்தால் இது ஒரு பெரிய இடமாற்றம். படுவான்கரைக் களிமண்ணின் சத்து நெல்லாக ஆறு கடந்தது. வாவியின் சத்து மீனாகவும் இறாலாகவும் கரையேறியது. இரண்டும் எழுவான்கரை வளவுக்குள் குப்பையாகி, மறுகா மண்ணாகியது. வெறும் மணலில் கொச்சிக்காயும் கத்தரியும் பயிற்றையும் விளைந்ததுக்குக் காரணம் இந்தக் குப்பைப் போக்குவரத்துத்தான். களுதாவளை வெற்றிலைக்குப் பேர்போன ஊர். வெற்றிலைக் கொடிக்கு மாட்டெருவும் குழையும் போட்டுக்கொண்டே இருக்கணும். அந்த மணலில் வெற்றிலை துளிர்க்கிறது என்றால் எவ்வளவு எரு போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்க.

இந்த மண்ணைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். இதுக்குப் புத்தகச் சான்று கேட்டால் கஷ்டம். 1921இல் எஸ். ஓ. கனகரத்தினம் மட்டக்களப்பு மாவட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். 1964இல் வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' வந்தது. குளம், வயல், கோயில், குடி வழமை என்று எதைத் தேடினாலும் நாங்கள் முதலில் திறப்பது இவற்றைத்தான். அடுப்படிக்குப் பின்னால இருந்த குழியைப் பற்றித் தெரியணும் என்றால் ஒரு அம்மம்மாவிடம்தான் போக வேண்டும். விடிய எழும்பி முற்றம் கூட்டுவது, சாணி அள்ளுவது, சாம்பல் அள்ளுவது, குழிக்குள் கொட்டி மணல் தூவுவது, இதெல்லாம் யார் கையில் இருந்த வேலை என்று சொல்லத் தேவையில்லை. இன்னொன்றும் இருக்கு. மட்டக்களப்பில் வீடுவளவு தாய்வழியில் மகளுக்குப் போவதுதான் வழமை. கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே அந்த ஒரு சாண் கறுப்பும் தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகப் போன ஒன்று. உறுதியில் பரப்பளவு எழுதியிருக்கும், ஆழம் எழுதியிருக்காது.

அதே நேரம், பழைய காலத்தில் எல்லாக் குப்பையும் மண்ணாகியது என்று கற்பனை பண்ணவும் வேண்டாம். எழுவான்கரையில் வெள்ளை மணல் முற்றம் ஒரு மானப் பிரச்சினை. ஒரு இலை கிடக்கக்கூடாது. கூட்டின சருகு குழிக்கும் போகும், நெருப்புக்கும் போகும். பின்னேரம் ஊர் முழுக்கச் சருகுப் புகை எழும்புவது இண்டைக்கும் நடக்கிற காட்சி. முன் முற்றம் வெள்ளையாகவும் பின்வளவு கறுப்பாகவும் இருப்பதன் இரகசியம் இதுதான்: முன்னுக்கு இருந்ததை எல்லாம் கூட்டிப் பின்னுக்குக் கொண்டுபோனோம். எரிச்சபோது மிஞ்சினது கொஞ்சச் சாம்பல் மட்டும்.

மணலில் மண் செய்தது நாங்கள் மட்டும் இல்லை. யாழ்ப்பாணத்தில் தோட்டத்துக்குள் கிடங்கு வெட்டிக் குழை தாழ்ப்பார்கள். பூவரசங்குழை, பழைய பனையோலை, கடற்கரையிலிருந்து அள்ளிவந்த சாதாழை எல்லாம் அதுக்குள் போகும். அமேசன் காட்டுக்குள் கொலம்பசுக்கு முந்திய காலத்து மனிதர்கள் கரியும் எலும்பும் குப்பையும் சேர்த்து உண்டாக்கின கறுப்பு மண் திட்டுகள் இன்னும் கிடக்கு. நம்மட கதைக்கு ஆகக் கிட்டியது ஒல்லாந்து. நெதர்லாந்தின் கிழக்கு, தெற்குப் பகுதிகளும் அதை ஒட்டிய ஜேர்மனியும் வெறும் மணல் பூமி. அங்க மத்திய காலத்திலிருந்து விவசாயிகள் தரிசில் முளைத்த புதரையும் புல்லையும் வேரோடு தகடு தகடாக வெட்டி, தொழுவத்தில் மாட்டுக்குக் கீழ விரித்து, சாணியும் மூத்திரமும் ஊறினதும் வயலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். வருடத்துக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில் மண் உயர்ந்தது. சில இடங்களில் அந்தப் படை ஒரு மீற்றர் வரை தடிப்பு. 1602இல் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் வந்து இறங்கினார், 1638இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைப் பிடித்தார்கள். கறுவாவையும் மிளகையும் கணக்கெழுதின அந்தக் கொம்பனிக்காரருக்குத் தங்கட ஊர் மணலும் எழுவான்கரை மணலும் ஒரே வைத்தியம் பார்த்தவை என்று தோன்றியிருக்குமோ தெரியாது. வருடத்துக்கு ஒரு மில்லிமீற்றர் என்ற கணக்கை மட்டும் கையில வச்சுக்கொள்ளுவோம்.

கூட்டெரு என்று இன்று பாடப்புத்தகத்தில் படிக்கிற முறைக்கு ஒரு ஊர்ப்பெயர் உண்டு: இந்தூர். அல்பேர்ட் ஹோவாட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1924 முதல் 1931 வரை மத்திய இந்தியாவின் இந்தூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தை நடத்தினார். இந்திய விவசாயிகளுக்குக் கற்பிக்க வந்தவர், அவர்களிடமே கற்றேன் என்று பிறகு வெளிப்படையாக ஒத்துக்கொண்டார். பயிர்க் கழிவு, கொஞ்சச் சாணி, மூத்திரம் ஊறின மண், சாம்பல், இவற்றைப் படைபடையாக அடுக்கி, ஈரம் வைத்து, இடைக்கிடை புரட்டினால் மூன்று மாதத்தில் எரு. 1931இல் வந்த அந்த ஆய்வு நூலில் ஹோவாட்டின் பேருக்குப் பக்கத்தில் யஷ்வந்த் வாட் என்ற இந்திய விஞ்ஞானியின் பேரும் இருக்கு. இன்று சேதன விவசாயத்தின் தந்தை என்று ஹோவாட்டைக் கொண்டாடுகிறவர்களில் எத்தனை பேர் வாட்டைச் சொல்கிறார்கள்? 1930களில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் சிலவற்றிலும் இந்த முறை பரீட்சிக்கப்பட்டது. மலையில் தோட்டத்துரைமார் அதைப் புது விஞ்ஞானமாக எடுத்தார்கள். அதே காலத்தில் எழுவான்கரைக் குழிகளுக்குப் பேரும் இல்லை, புத்தகமும் இல்லை.

ஹோவாட்டின் எழுத்தில் நமக்கு நேரே பொருந்துகிற ஒன்று ஆற்றுவாழை. வங்காளத்தின் நீர்நிலைகளை அடைத்த அந்தச் செடியைக் கூட்டெருவாக்கின முயற்சிகளை அவர் எழுதியிருக்கிறார். தென்னமெரிக்கச் செடி, அழகான ஊதாப் பூவுக்காக உலகம் முழுக்கக் கொண்டுபோகப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்து, 1909இலேயே அதை ஒழிக்கத் தனிச்சட்டம் போடவேண்டிய அளவுக்குப் பரவிவிட்டது. நூறு வருடத்துக்கு மேலாகியும் சட்டம் தோற்றுக்கொண்டுதான் இருக்கு. மட்டக்களப்பில் சிரமதானம் என்று ஆற்றுவாழையை இழுத்துக் கரையில் போடுவார்கள், அடுத்த மழையில் பாதி திரும்ப ஆற்றுக்குள் போகும். அதன் இலையில் நைதரசன் தாராளம். வைக்கோல், உமி, சருகு போன்ற காய்ந்த கழிவுக்கு நல்ல சோடி. இரண்டு விஷயம் கவனிக்கணும். பட்டணத்துச் சாக்கடை கலக்கிற இடத்துச் செடி பார உலோகங்களை உறிஞ்சி வைத்திருக்கும், மரக்கறிக்கு அது வேண்டாம். கும்பம் நன்றாகச் சூடேறாட்டி விதையும் தண்டும் சாகாது, உங்கட கூட்டெருவோட சேர்ந்து அடுத்த குளத்துக்கும் போகும்.

இனி மூட்டையின் கதை. பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தின் எச்-4 நெல் 1950களின் கடைசியில் பரவியது. 1962இல் அரசாங்கம் பசளை மானியத்தைத் தொடங்கியது. பிறகு வந்த பி.ஜி. இனங்கள் யூரியாவுக்கென்றே உருவானவை, கட்டைத்தண்டு, சாயாது, கதிர் நிறைய. 1950களில் ஹெக்டயருக்கு ஒன்றரைத் தொன் அளவில் இருந்த நாட்டின் சராசரி விளைச்சல் அறுபது வருடத்தில் நாலரைத் தொன்னாகியது. இதைக் குறைத்து மதிப்பிடுகிற சேதன விவசாயப் பேச்சு எங்களுக்குப் பிடிக்காது. பசியைப் பார்த்தவர்கள் யூரியா மூட்டையைக் கும்பிட்டார்கள் என்றால் அதில் ஆச்சரியமில்லை. 2005/06 பெரும்போகத்தில் 50 கிலோ மூட்டை 350 ரூபாவுக்குக் கிடைத்தது. அந்த விலையில் யார் சாணி சுமப்பார்? உழவு இயந்திரம் வந்தது, எருமை போனது. வெட்டு மெசின் வந்தது, வைக்கோல் வயலிலேயே கிடந்தது, கனபேர் அதைக் கொளுத்தினார்கள். வளவுக்குழியும் மெதுவாகத் தூர்ந்தது. நெல்லுக்கு வந்த யூரியாவில் ஒரு சுண்டு கொச்சிக்காய்க்கும் வெற்றிலைக்கும் போனது. மணலில் யூரியா எங்கே போகும் என்று மேலே சொல்லியிருக்கிறோம்.

யுத்தகாலத்தை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல ஏலாது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களுக்கு யூரியா கொண்டுபோவதுக்கு வெடிபொருள் காரணம் காட்டிக் கட்டுப்பாடு இருந்தது. படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை அந்தக் கட்டுப்பாட்டுக்குள். ஆக, யூரியாத் தடை என்பது 2021இல் நாட்டுக்குப் புதிது, எங்கட அப்பாமாருக்குப் பழசு. இடம்பெயரும்போது மாட்டை அவிழ்த்துவிட்டு ஓடினவர்கள் திரும்பி வந்தபோது பட்டி இல்லை. அதுக்கு முதல் 1978 நவம்பர் 23ஆம் திகதி வந்த சூறாவளி தென்னையை முறித்துப் போட்டது. 2004 டிசம்பர் 26 கடல் எழுவான்கரைக்குள் வந்து மண்ணிலும் கிணத்திலும் உப்பை விட்டுப்போனது. அடுத்தடுத்த மாரிமழைதான் அந்த உப்பைக் கழுவியது. அவசரப்பட்டுக் கிணத்தை இறைத்த சில இடங்களில் கீழிருந்து உப்புத்தண்ணி ஏறியது. வளவுகளின் கறுப்புப் படை இத்தனையையும் தாண்டித்தான் மிஞ்சிக் கிடக்கு.

2021க்கு வருவோம். கோட்டாபய ராஜபக்ஷ 2019 ஜனாதிபதித் தேர்தலில் நின்றபோது பத்து வருடத்தில் சேதன விவசாயத்துக்கு மாறுவதாகத்தான் வாக்குறுதி கொடுத்தார். பத்து வருடம் என்றால் பேசிப் பார்க்கக்கூடிய கணக்கு. 2021 மே மாதம் இரசாயனப் பசளை, கிருமிநாசினி இறக்குமதிக்குத் தடை போட்டு வர்த்தமானி வந்தது. பத்து வருடம் ஒரே இரவில் முடிந்தது. டொலர் தட்டுப்பாடு ஒரு காரணம் என்பது அப்பவே எல்லாருக்கும் தெரியும். விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள், விவசாயிகள் வீதிக்கு இறங்கினார்கள், மட்டக்களப்பிலும்தான். சீனக் கம்பனி ஒன்றின் சேதனப் பசளையோட வந்த ஹிப்போ ஸ்பிரிட் கப்பல் இலங்கைக் கடலில் அலைந்தது. மாதிரியில் தீமையான பற்றீரியா இருப்பதாக இலங்கை அதிகாரிகள் சொன்னார்கள், கம்பனி மறுத்தது. கடைசியில் இறக்காத சரக்குக்கு 2022 ஜனவரியில் 67 இலட்சம் டொலர் கட்டினார்கள். உள்ளூரில் விநியோகித்த கூட்டெருவில் கல்லும் குப்பையும் கிடந்ததாகப் பல மாவட்டங்களில் விவசாயிகள் முறைப்பட்டார்கள். 2021 நவம்பர் 24ஆம் திகதி தடையைத் தளர்த்தியபோது பெரும்போகத்து விதைப்பு நடந்துகொண்டிருந்தது. அந்தப் போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. 2022இல் கறுப்புச் சந்தையில் ஒரு மூட்டை யூரியா 40,000 ரூபா வரை போனது.

இதில் எங்கே பிழைத்தது என்பதை ஒரு சின்னக் கணக்கில் காட்டலாம். நாங்கள் கொப்பியில் போட்டுப் பார்த்த கணக்குத்தான், நீங்களும் போட்டுப் பாருங்க.

ஐந்து பேர் உள்ள ஒரு வீட்டில் குசினிக் கழிவும் சருகும் சேர்த்து நாளுக்கு இரண்டு கிலோ என்று வைப்போம். வருடத்துக்கு 700 கிலோவுக்குச் சற்று மேல். மக்கினால் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும், ஏறத்தாழ 250 கிலோ கூட்டெரு. அதை வளவில் 50 சதுர மீற்றர் பாத்திக்குப் போட்டால் ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்கு வரும். ஒல்லாந்து விவசாயிகளின் மில்லிமீற்றரோட ஒப்பிட்டால் பெரிய தொகை. இங்க வெக்கையில் அதில் பெரும்பகுதி ஒன்றிரண்டு வருடத்தில் எரிந்துபோகும், இருந்தாலும் போட்டுக்கொண்டே இருந்தால் மணல் கறுக்கும்.

இப்ப அதே 250 கிலோவை ஒரு ஏக்கர் வயலுக்குக் கொண்டுபோங்க. ஒரு சதுர மீற்றருக்கு 62 கிராம். ஒரு பிடி கூட இல்லை. ஏக்கருக்கு இரண்டு மூட்டை யூரியா, அதாவது 100 கிலோ, போட்டுப் பழகின வயல் அது. யூரியாவில் 46 வீதம் நைதரசன், ஆக 46 கிலோ. கூட்டெருவில் ஒரு வீதம் நைதரசன் என்று வைத்தால் அதே 46 கிலோவுக்கு 4,600 கிலோ கூட்டெரு வேணும். பதினெட்டுக் குடும்பங்களின் ஒரு வருடக் குப்பை, ஒரு ஏக்கருக்கு, ஒரு போகத்துக்கு. அதிலும் முதல் போகத்தில் ஒரு பகுதிதான் பயிருக்குக் கிடைக்கும். மட்டக்களப்பு மாவட்டத்தில் பெரும்போகத்தில் ஒரு இலட்சம் ஏக்கருக்கு மேல் நெல் விதைக்கிறார்கள். பதினெட்டு இலட்சம் குடும்பங்களுக்கு எங்கே போவது? 2012 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் சனத்தொகையே ஐந்தேகால் இலட்சம்.

வளவுக் கணக்கை வயலில் போட்டார்கள். அதுதான் நடந்தது. வளவில் குடும்பத்தின் கழிவு குடும்பத்தின் பாத்திக்குப் போதும், ஏனென்றால் வேறெங்கோ விளைந்த நெல்லும் மீனும் அதுக்குள் வந்து சேருகிறது. வயலிலிருந்து சத்து வெளியேதான் போகிறது. வயலுக்குச் சேதனம் கொண்டுவரணும் என்றால் வைக்கோலை எரிக்காமல் மடக்குவது, பசுந்தாள் விதைப்பது, மாட்டை மேயவிடுவது, யூரியாவைப் படிப்படியாகக் குறைப்பது என்று வருடக்கணக்கில் போகிற வேற வேலைத்திட்டம் தேவை. வர்த்தமானியால் மக்காது.

மாட்டை மேயவிடுவது என்று சொன்னோம். அதுவும் இலேசில்லை. அறுவடைக்குப் பிறகு பட்டி மாடுகள் படுவான்கரை வயல்களில் தாள் மேயும், சாணி அங்கேயே விழும். பெரும்போகம் விதைத்ததும் பயிரைக் காக்க மாட்டை மேற்கே மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துக்கொண்டு போவார்கள். வயலுக்கும் மேய்ச்சல் தரைக்கும் நடுவில் இப்படி ஒரு வருடச் சக்கரம். அந்தத் தரையில் வெளி மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் அத்துமீறிப் பயிர்செய்வதை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பர் 15 முதல் சித்தாண்டியில் தொடர் போராட்டத்தில் இருந்தார்கள். பத்திரிகைகள் அதைக் காணிப் பிரச்சினை, இனப் பிரச்சினை என்று எழுதின. இரண்டும் உண்மை. அதோட அது ஒரு எருப் பிரச்சினையும். மேய்ச்சல் தரை போனால் பட்டி போகும், பட்டி போனால் வயலுக்கும் வெற்றிலைக்கும் சாணி எங்கேயிருந்து வரும்? சேதன விவசாயம் பற்றி மேடை போட்ட அரசாங்கத்தின் காலத்தில்தான் அந்த அத்துமீறல் பெருத்தது என்பதையும் குறித்து வைப்போம்.

வளவுக்குத் திரும்புவோம், அங்கதான் நம்மட கையில் ஏதாவது இருக்கு. எழுவான்கரை மணலில் கூட்டெரு போடுவதுக்கு, பொதுவாகக் காணொளிகளில் காட்டுவதை விடச் சில வித்தியாசம் தேவை. கோடையில் குழி நல்லது, ஈரம் காயாது. மாரியில் குழி கெட்டது, மழை சத்தை நேரே கிணத்துக்கு இறக்கிவிடும். மாரிக்குக் கும்பமாகக் கட்டி, மேலே கிடுகு போட்டு மூடணும். அடியில் பொச்சுமட்டையை அடுக்கினால் இறங்குகிற சாற்றை அது பிடிக்கும், பொட்டாசியமும் கொடுக்கும். காய்ந்த சருகும் பச்சைக் கழிவும் கலக்கணும். வெறும் சருகு வருடக்கணக்கில் கிடக்கும், வெறும் பச்சை அழுகி நாறும். கையில் அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி சொட்டுகிற ஈரம் போதும். மீன் கழிவை நடுக் கும்பத்தில் புதைத்து மேலே தடிப்பாகச் சருகு போடாட்டி ஊர் நாய் முழுக்க வந்து கிளறிவிடும். நண்டுக் கோதும் இறால் தோலும் மெதுவாகத்தான் மக்கும், இடிச்சுப் போட்டால் கல்சியத்துக்கு வேற தேடத் தேவையில்லை. உமியை அப்படியே போட்டால் இலேசில் மக்காது, கரியாக்கிப் போடலாம்.

கிணத்திலிருந்து எட்டப் போடுங்க என்பதை அழுத்திச் சொல்கிறோம். யாழ்ப்பாணத்துத் தோட்டப் பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார ஸ்தாபனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியதை ஆய்வுகள் பல தடவை காட்டியிருக்கு. அங்க சுண்ணக்கல், இங்க மணல், ரெண்டும் ஓட்டைதான். யூரியா மட்டும் குற்றவாளி இல்லை, அளவுக்கு மிஞ்சின பச்சைச் சாணியும் மலக்குழியும் அதே நைத்திரேற்றைத்தான் இறக்கும். மக்கின எருவில் நைதரசன் பெரும்பாலும் கட்டுண்டு கிடப்பதால் மெதுவாக விடும். மணல் பூமியில் கூட்டெருவின் மிகப்பெரிய பயன் விளைச்சலில் இல்லை என்றுகூட நாங்கள் நினைக்கிறோம். குடிக்கிற தண்ணிக்கு மேல ஒரு வடி போட்ட மாதிரி அது.

இப்ப வளவுகள் சிறுத்துக்கொண்டு வருது. நாற்பது பேர்ச் இரண்டு மகள்மாருக்குப் பிரிந்து இருபதாகி, அடுத்த தலைமுறையில் பத்தாகுது. முன்பக்கத்தில் ஏற்கெனவே தாய் வீடு இருக்கும், ஆகவே மகளின் புது வீடு பின்வளவில்தான் எழும்பும். குழி இருந்த இடம், வாழை நின்ற இடம், கறுத்த மண் கிடக்கிற இடம். அத்திவாரம் வெட்டுகிறபோது அந்த மண் மேலே வந்து ஒரு குவியலாகக் கிடக்கும். அதை என்ன செய்கிறீர்கள் என்று நாங்கள் சில வீடுகளில் கேட்டோம். ஒரு வீட்டில் பூச்சாடிக்கு அள்ளி வைத்திருந்தார்கள். மற்ற வீடுகளில் பள்ளம் நிரப்பக் கொட்டி, மேலே கிறவல் போட்டு இறுக்கியாச்சு.